ஆள் இல்லாத குற்றாலம்

மதினியின் லாட்ஜில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு சிலேட்டு தொங்கும். "ரூம் இருக்கா என்று போனைக் கேட்காதீர்கள். என்னைக் கேளுங்கள்" என்று இரண்டு வரி, கொட்டை எழுத்தில். வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மதினிக்கு அது வயிற்றெரிச்சல். குற்றாலத்தில் சாரல் விழுந்து கூட்டம் சேர்ந்துவிட்டால், வந்தவர்கள் அத்தனை பேரும் அருவியைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் சந்தில் நெட் படுத்துவிடும். வெளியூர்க்காரர்கள் ஆன்லைனில் போடும் பதிவு மதினிக்கு வந்தே சேராது. போனில் பதிவைக் காட்டியபடி குடும்பத்தோடு வந்து நிற்பவர்களிடம் அறை இல்லை என்று சொல்லித் திட்டு வாங்குவது அவர் பாடு.

அண்ணன் இறந்த பிறகு லாட்ஜை மதினி தனியாகத்தான் நடத்தினார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என்னை வளர்த்து ஆளாக்கியதும் அவர்தான். இரண்டு சீசன் இப்படி அடிபட்டதும், இன்னொன்றும் போனால் லாட்ஜைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும் வேகமான ஃபைபர் லைன் இழுக்க அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டோம். சந்துக்குள் அவ்வளவு தூரம் லைன் இழுக்க ஆகும் செலவு மதினிக்குத் தாங்காது. மானியம் வேண்டுமானால், இப்போது இருக்கும் நெட் மந்தம் என்று அதிகாரி நேரில் சோதித்துச் சொல்ல வேண்டும்.

அதிகாரி வந்தது சித்திரை வெயிலில். அருவியில் வெறும் பாறைதான் இருந்தது. ஊரில் குரங்குகளையும் எங்களையும் விட்டால் ஆளில்லை. சோதித்துப் பார்த்தார், நெட் பறந்தது! "நல்லாத்தானம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரிலிருந்த செல்போன் டவரையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது. மதினி அவருக்கு மோர் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆள் இல்லாத குத்தாலத்தப் பாத்துட்டுல்லா சொல்லுதிய சார். சாரல் விழும்போது ஒருக்கா வாங்க, அப்பம் தெரியும்." ஒரு முறைதான் சோதிப்பது வழக்கம் என்று அவர் போய்விட்டார்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நனைந்த தலையும் பெட்டியுமாக, மனைவி மக்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றவர் அதே அதிகாரி. கணவர் சோதித்துவிட்டுப் போன லாட்ஜ் இதுதான் என்று தெரியாமலே அவர் மனைவி ஆன்லைனில் அறை போட்டிருக்கிறார். அவர்கள் போனில் பதிவு உறுதி என்று இருந்தது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை; கடைசி அறையும் காலையிலேயே போய்விட்டது. அன்றைக்குச் சொன்னதையெல்லாம் திருப்பிக் கேட்டுவிட வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். மதினி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். தன்னுடைய அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் பாயை விரித்துப் படுத்தார். மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் அதிகாரி, தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு இறங்கி வந்தார். "தப்பு என்னுதாம்மா. இப்பவே சோதிச்சு எழுதிருதேன்" என்றார். மதினி ஒப்பவில்லை. "குளிக்க வந்த எடத்துல வேலை பாக்க வேண்டாம் சார். ஆபீஸ் நாள்ல வாங்க. சீசன் முடியுத மட்டும் நெட்டு இப்படித்தான் கெடக்கும்." அறைக்கு வாடகையும் வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் நான் குதித்தேன், அதைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று. "ஓசியில தங்க வச்சு வாங்குனா அது மானியமாலே?" என்று கேட்டுவிட்டுப் படுக்கை விரிப்பை மடிக்கப் போய்விட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

சொன்னபடி அந்த வாரமே அதிகாரி திரும்பி வந்தார். கூட்டத்துக்கு நடுவே சோதித்து, நெட் கிடக்கும் கிடையை உள்ளபடி எழுதினார். மானியம் வந்தது, அடுத்த சாரலுக்கு முன்னால் லைனும் வந்தது. குத்தகைப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

நான் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். இந்த ஆடியில், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று மதினியைத் திகைக்க வைக்கலாம் என்று விளையாட்டாக என் பெயரில் ஆன்லைனில் ஓர் அறை போட்டேன். கையிலிருந்த காபியைக் குடித்து முடிக்கவில்லை, பதிவு ரத்து என்று செய்தி வந்தது. கூடவே மதினியின் அழைப்பு.

"ஏலே, சொந்த வீட்டுல வந்து படுக்கதுக்கு எவனாச்சும் ரூம் போடுவானா? பேசாமக் கெளம்பி வா."

அன்றிரவே கிளம்பிப் போனேன். சிலேட்டு அதே இடத்தில்தான் தொங்கியது. மேல் வரியை மட்டும் அழித்திருந்தார். "என்னைக் கேளுங்கள்" என்பது அப்படியே இருந்தது.