கல்லில் வெட்டிய பத்தொன்பது

டெல்மர் ரே சைஸ்மோர், 1921–2009. கிழக்குக் கென்டக்கியின் லிக் ஃபோர்க் பள்ளத்தாக்கில் பிறந்து, அங்கேயே பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர்.

1987இல் மனைவி ஓப்பல் இறந்தபோது, எங்கள் ஊர் வழக்கப்படி இருவர் பெயரும் பொறித்த ஒரே கல்லை நாட்டினார். ஓப்பலின் பக்கம் நிறைவுற்றிருந்தது. அவர் பக்கத்தில் பிறந்த ஆண்டை அடுத்து, இறக்கும் ஆண்டுக்கு 19 என்று மட்டும் வெட்டி, மீதி இரண்டு இலக்கங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கிட்டாரை எடுத்து, தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒரு பாட்டுக் கட்டினார். சுரங்கத்திலிருந்து கரிமுகத்தோடு திரும்பும் தகப்பனார், தேவாலய விருந்தில் கண்ட ஓப்பல், பனியில் சறுக்கிய பேருந்து எல்லாம் அதில் உண்டு. இறுதிச் சரணத்தில் ஊரிடம் விடைபெற்றார். மே மாதக் கடைசி ஞாயிறு, கல்லறைகளுக்குப் பூ வைத்து அங்கேயே கூடி உண்ணும் நாளில், ஆண்டுதோறும் அதைப் பாடுவார்.

1999 அக்டோபரில் அவருடைய இதய வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. அறுவை செய்தால் பிழைப்பார், செய்யாவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது என்றார் மருத்துவர். டெல்மர் மறுத்துவிட்டார். வேட்டை நாயைக்கூட அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்.

"எதுக்கும்மா நெஞ்சக் கிழிச்சுக்கிட்டு? கல்லுல பத்தொம்பதுன்னு போட்டாச்சு. இன்னும் ரெண்டு மாசந்தானே" என்றார் மகள் வில்மா ஜீனிடம்.

"கல்லு என்னப்பா, தேவ வாக்கா?"

"நானே பாத்துச் சரின்னு சொன்ன கல்லு. பாட்டையும் முடிச்சாச்சு."

வில்மா ஜீன் நேரே போய், அந்தக் கல்லை நாட்டிக் கொடுத்த கல்தச்சர் ஹெர்ஷல் ராட்லிஃபைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அவர் டெல்மரின் பள்ளித் தோழர். சோளரொட்டி ஒரு துண்டு தின்று முடித்த பிறகே பேசினார்.

"ஏன்டா, ஆஸ்பத்திரிக்குப் போகாம என் மேல பழியப் போடுறியாம்?"

"நீதானே வெட்டுன."

"நான் எங்க வெட்டுனேன்? குவாரியிலேருந்து வரும்போதே பத்தொம்பது வெட்டித்தான் வரும். அப்ப எல்லாருக்கும் அதான். என் கல்லுலயும் அதான் இருக்கு. நான் வர்ற மார்ச்சுக்குக் கெழங்கு நட உழவு பேசியாச்சு."

"அப்ப உன் கல்ல என்ன பண்ணுவ?"

"பிசின் வெச்சு அடைச்சு, மேல இருபதுன்னு வெட்டுவேன். கிட்டப் போய்ப் பாத்தா லேசாத் தெரியும். செத்தவனா எந்திரிச்சு வந்து பாக்கப்போறான்?"

டெல்மர் சோளரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தார். "கடைசிச் சரணத்துக்கு ஊரே அழுதுச்சேடா."

"அது உன் கிட்டார் சுதிக்கு அழுதது."

முதலில் சிரித்தவள் வில்மா ஜீன். பிறகு டெல்மரும் சிரித்தார். டிசம்பர் முதல் வாரத்தில் லெக்சிங்டனில் அறுவை நடந்தது. நலமாக வீடு திரும்பினார்.

2000 ஜனவரி முதல் நாள் காலை, புத்தாண்டுக்குச் சமைத்த காராமணியை இரண்டு தட்டு உண்டார். "நேத்து வரைக்கும் மூச்சப் புடிச்சுக்கிட்டே இருந்தேன்மா. இப்பத்தான் விடுறேன்" என்றார்.

அந்த வசந்தத்தில் ஹெர்ஷல் இரு கற்களையும் திருத்தினார். விடைபெறும் சரணத்தை டெல்மர் நீக்கவில்லை; ஆண்டுக்கு ஒன்றாகப் புதுச் சரணம் கட்டி, அதற்கு முன்னால் சேர்த்து வந்தார். பாட்டு நீண்டு, விருந்து ஆறுகிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர் கடைசியாகச் சரணம் சேர்த்துப் பாடியது 2008 மே 25, ஞாயிற்றுக்கிழமை.