முன்னால் ஒரு சாய்கோடு

ஒரு கோப்புக்கு வெறும் இடைவெளியையே பெயராக வைத்துவிட்டு, அடுத்ததற்கு மூன்று புள்ளிகளைப் பெயராகத் தட்டிக்கொண்டிருந்தார் அக்கா. "இப்ப என்ன பண்ணுவே? ம்? என்ன பண்ணுவே?" என்று திரையிடம் கேட்டார். குரலில் கோபமில்லை. தொட்டில் பிள்ளையிடம் பேசுகிற கொஞ்சல்தான்.

எங்கள் அலுவலகம் ஒரு கணினி மொழியைத் தயாரிக்கிறது. அந்த மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு வேண்டிய அடிப்படைச் சாமான்களை மாட்யூல் மாட்யூலாகச் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. செய்ததை உடைத்துப் பார்ப்பது அக்காவின் பிழைப்பு. அப்போது அவர் கையில் இருந்தது கோப்புப் பாதை மாட்யூல். எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர், அதற்குள் எந்தக் கோப்பு என்று கணினிக்கு விலாசம் சொல்கிற சமாசாரம். விலாசத்தின் துண்டுகளுக்கு நடுவே ஒரு சாய்கோடு வரும். அக்காவுக்கும் அதுவே பட்டப்பெயர். சாய்கோடு அக்கா என்று காதுபடவே சொல்வோம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கதவில் 'இழுக்கவும்' என்று எழுதியிருந்தால் முதலில் தள்ளித்தான் பார்ப்பார். ஏன் என்று கேட்டால், "தள்ற ஆளு ஒருத்தன் வருவானில்ல?" என்பார். உலகத்தில் அந்த ஆள்மீது மட்டும் அவருக்கு அசையாத நம்பிக்கை.

மாட்யூலை எழுதியவர் நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர். அலுவலகம் சிறியது, அதனால் அவர் எழுதுவதை இவர்தான் பார்த்தாக வேண்டும். வீட்டில் சகஜமாகப் பேசிக்கொள்பவர்கள் திரையில் பரம மரியாதை காட்டுவார்கள். 'தங்கள் கவனத்துக்கு: நாற்பத்தோராம் வரி சரியில்லை' என்று மனைவி எழுதுவார். 'சுட்டியமைக்கு நன்றி. நாற்பத்தோராம் வரியில் குறையேதும் தென்படவில்லை' என்று கணவர் பதில் போடுவார். மதியம் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுவார்கள்.

இந்த முறை டப்பா இரண்டானது. மாட்யூல் வெளியானால் கணவர் குழுத்தலைவராவார் என்று மேலாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அக்காவோ ஒப்புதல் தர மறுத்துவிட்டார். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது இரண்டாவது துண்டு சாய்கோட்டில் ஆரம்பித்தால், மாட்யூல் முதல் துண்டை அடியோடு மறந்துவிடுகிறது. வெறும் சாய்கோடு மட்டும் வந்தால், மொத்தக் கணினியையும் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது.

"வெறும் கோட்டை எவன் குடுப்பான்?" என்று கணவர் மேசைக்கே வந்து கேட்டார். திரையின் மரியாதையெல்லாம் காற்றில் போயிருந்தது.

"குடுக்கறதுக்குன்னே மனுஷங்க இருக்காங்க."

"உனக்கு நான் எழுதுனதுதான் கண்ணை உறுத்துது."

"நீங்க எழுதுனதுங்கறதாலதான் ரெண்டு வாட்டி பார்த்தேன்."

வீட்டிலும் விசாரணை நடந்திருக்கிறது. "எங்க மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமா? கட்டின புருஷனுக்கு ஒரு 'சரி' போட்டா உன் கையா தேஞ்சிடும்னு கேட்டாங்க" என்று அக்கா என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டப்பாவைப் பாதியில் மூடிவிட்டார்.

மேலாளர் அக்காவின் குறிப்பை ஓரங்கட்டிவிட்டுத் தானே ஒப்புதல் கொடுத்தார். மாட்யூலைப் பார்க்க வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். தேவையில்லாத கோப்புகளை அழிக்கிற சிறு நிரல் ஒன்றை, புது மாட்யூலை வைத்துக் கணவர் செய்துகாட்டினார். "நீங்களே ஒரு ஃபோல்டர் பேரு போடுங்க சார்" என்று விருந்தாளிகளில் மூத்தவரை மேலாளர் உபசரித்தார். அவர் பழக்கதோஷத்தில் முதலில் ஒரு சாய்கோட்டைத் தட்டினார். பெயரை யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் எண்டர் கீயில் பட்டுவிட்டது.

பெரிய திரையில் கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று ஓடி மறைந்தன. மேலாளர் அடுத்துக் காட்டவிருந்த படங்களும் அந்த ஓட்டத்தில் போயின. பிறகு திரை கறுத்தது.

"ரொம்ப வேகமா இருக்கே!" என்றார் விருந்தாளி, மனதாரப் பாராட்டி.

கணவர் முகத்தில் ரத்தமில்லை. எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். 'அன்றே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வந்தால் அந்தக் குடும்பம் என்னாகும்? அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விருந்தாளியிடம் குனிந்தார். "சார், அடிச்சது ஒரு கோடா, ரெண்டு கோடா? கரெக்டா சொல்லுங்க."

குழுத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. "நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் மேடம்" என்று மேலாளர் வருத்தப்பட்டார். "புருஷன்கிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மாமியாரும் கேட்டாராம். அக்கா இருவரிடமும், "அடுத்த தடவை சொல்லிடறேன்" என்றிருக்கிறார்.

கணவர் மாட்யூலை முதலிலிருந்து திருப்பி எழுதினார். பிறகு ஒரு மதியம் அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அக்கா தன் கைவரிசை அத்தனையும் காட்டினார்: வெறும் கோடு, இரட்டைக் கோடு, இடைவெளி, புள்ளிகள், பெயரே இல்லாத பெயர். ஒவ்வொன்றுக்கும் 'தேறியது' என்று பச்சை விழுந்தது. ஒப்புதல் பொத்தானுக்குச் சுட்டியைக் கொண்டுபோனார்.

"இரு. ஒண்ணை விட்டுட்டே" என்றார் கணவர்.

அக்காவின் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, ஒரு சாய்கோடு, இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு சாய்கோடு தட்டினார். சிவப்பு விழுந்தது. தன் மாட்யூலைத் தானே உடைத்துவிட்டு, பரிசு வாங்கியவர்போல நின்றார்.

அக்கா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. காலாலேயே பக்கத்து நாற்காலியை இழுத்து, தன் நாற்காலியோடு ஒட்டினாற்போல் போட்டார்.