டெண்டர் இல்லாமல் ஒரு மோட்டார்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு அப்போது இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பக்கத்திலிருந்த எங்கள் சின்ன ஊரின் பேரூராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். ஒரு மாதத்துக்குள் கொள்முதல் விதிகள் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு டீ வாங்கி வந்தால்கூட, மூன்று கடையில் விலை கேட்டீர்களா என்பேன். சிரிப்பார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள், எங்கள் வார்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. ஏற்கெனவே மூன்று முறை காயில் கம்பி மாற்றிக் கட்டியது. இனித் தாங்காது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். அதே அளவு மோட்டார் ராஜபாளையத்தில் ஒரு கடையில் தயாராக இருந்தது. பக்கத்து வார்டுக்குப் போன வருடம் வாங்கிய விலைக்கே தருவதாகவும் சொன்னார்கள். செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "உடனே வாங்கணும்மா, ஒரு குறிப்பு எழுதிக் கொண்டா" என்றார்.

எழுதினேன். தொகை வரம்பைத் தாண்டுவதால், விளம்பரம் செய்து பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஒப்பந்தப்புள்ளி கோராமல் வாங்க விதியில் இடமில்லை. 'இடமில்லை' என்பதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன்.

இடம் இருந்தது. எனக்கே தெரியும். தொகை சிறியதாக இருந்தால் டெண்டர் வேண்டாம். பொருள் ஒரே ஒருவரிடம்தான் கிடைக்கும் என்றாலும், இன்னொரு அரசு நிறுவனத்திடம் வாங்கினாலும் வேண்டாம். மக்களுக்குப் பொறுக்க முடியாத அவசரம் என்றால், காரணத்தை எழுதிவைத்து வாங்கிவிட்டு, அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒப்புதல் பெறலாம். ஆனால் இவையெல்லாம் திருடர்களுக்குத் திறந்துவைத்த புறவாசல் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நேர்மையான மோட்டார் முன்வாசல் வழியாகத்தான் வரும்; பதினைந்து நாள் கழித்து வரும்.

செயல் அலுவலர் படித்தார். "அவசரம்னு ஒரு விதி இருக்கே?"

"அது தீ, வெள்ளம் மாதிரிக்கு சார்."

"வாயால சொல்லியிருந்தா பேசியிருக்கலாம். எழுதிட்டயேம்மா" என்றார்.

கோப்பின் குறிப்புத் தாளுக்குப் பக்க எண் உண்டு; கிழிக்க முடியாது. கீழே வேலை பார்க்கிற ஒருத்தி 'இடமில்லை' என்று கோடு போட்டிருக்க, அதை மீறி அதிகாரி கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் முதலில் அதைத்தான் படிப்பார்கள். அவருக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. பேனாவை மூடினார். ஒரு அதிகாரியின் பேனாவை நான் மூடவைத்தேன் என்று அன்று வீட்டில் இரண்டு முறை சொன்னேன்.

தண்ணீர் லாரி வந்தது. வீட்டுக்கு இரண்டு குடம். மூன்றாம் நாள் காலை வேலைக்குப் போகும் வழியில், வரிசையில் அம்மா நிற்பதைப் பார்த்தேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை அம்மாவுக்கு. ஷிப்டை விட்டுவிட்டு நின்றாள். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"மதினி, ஒம் மக அங்கதான இருக்கா? மோட்டாரு என்னாச்சாம்?" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

"அவதான் நிப்பாட்டி வச்சிருக்கா" என்றாள் அம்மா, பெருமையாக. "சட்டத்துல பதினஞ்சு நாளு இருக்காம்ல. எம் மக எழுதிட்டான்னா ஆபீசரே அதுக்கு மேல கையெழுத்துப் போட முடியாதாம்."

"அம்புட்டுப் பெரிய எழுத்தா? அந்தப் பேப்பரைக் கொடத்துல போட்டா தண்ணி ஊறுமான்னு கேட்டுச் சொல்லு."

வரிசையே சிரித்தது. "படிக்காதவளுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது" என்றாள், கைநாட்டு வைக்கிற என் அம்மா.

ஒரு குடம் நிரம்பியதும் லாரி காலியாகிவிட்டது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "பதினஞ்சுல மூணு போச்சு. இன்னும் பன்னெண்டுதான்."

அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைக் கேட்டேன்.

"என்னம்மா, இன்னொரு கோடு போடணுமா?" என்றார் செயல் அலுவலர்.

"அவசரம்னு எழுதித் தாரேன் சார்."

"முந்தி எழுதினதுக்கு என்ன சொல்லுவ?"

"விதியைக் கவனிக்கலைன்னு எழுதிரவா?"

"நீயா? புத்தகத்தைத் தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பயே. யாரு நம்புவா?"

எனக்கும் அப்படி எழுதக் கை வரவில்லை. விதி தெரியாதவள் என்று பக்க எண்ணோடு பதிவாகிவிடுமே. அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன்: 'விதி தெரிந்திருந்தும் இதை அவசரமாகக் கருதாதது என் தவறு. மூன்று நாளாக வார்டில் குடிநீர் இல்லை. டெண்டரின்றி வாங்கலாம்.' கோடு போடவில்லை. அவர் பேனாவைத் திறந்தார். சாயங்காலம் டெம்போவில் மோட்டார் வந்து இறங்கியது.

மறுநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் கொட்டியது. குடத்தோடு நான் நிற்கும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"நேத்துப் போயி சட்டத்தையே மாத்திட்டாள்ல எம் மக!"

எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்த்தாள். "அதை மூணு நாளைக்கு முன்னாலேயே மாத்தியிருக்கலாம்ல?"

"மாத்தியிருக்கலாம்தான் அத்தை" என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள்.