முன்கூட்டியே கொடுத்த முடி

எங்கள் ஊர் முருகனுக்குக் கோபம் கிடையாது. சூரனைக் கொன்ற கையோடு திருத்தணி மலைக்கு வந்து, சினம் தணிந்து உட்கார்ந்துவிட்டார் என்பது கதை. அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே பூவைக் கொட்டி அர்ச்சனை செய்கிறார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த கதை. இதை ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்குவார் என்று நான் நினைத்ததே இல்லை.

அவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் இயக்குநர், டெல்லிக்காரர். போர் முடிந்த நாடுகளிலிருந்து பெண்களை வரவழைத்து, சமாதானத்துக்கான தலைமைப் பயிற்சி கொடுப்பது அவருடைய வேலை. அந்த வருடம் முகாமுக்குத் திருத்தணியைத் தேர்ந்தெடுத்திருந்தார். கோபம் தணிந்த மலை என்பது ஒரு காரணம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கல்யாண மண்டபம் சல்லிசாகக் கிடைத்தது இன்னொரு காரணம். நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். "லீவுல சும்மாதான ஒக்காந்துகினு இருக்க, போய்ட்டு வா" என்று என் கணவர்தான் பிடித்துத் தள்ளினார். இலங்கையின் வடக்கிலிருந்து வந்திருந்த பெண்களுக்கு இயக்குநரின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் பேசுவதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்களில் ஒருவரை நான் இன்றுவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவர். போர் முடிந்த நாட்களில் அவருடைய ஒரே மகனை, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. அப்படிக் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் சாலையோரத்தில் பந்தல் போட்டு, பிள்ளைகளின் படங்களை வரிசையாக மாட்டிவைத்து, வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பந்தலை நடத்துகிறவர் அக்கா. செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் வரும்போதெல்லாம் எழுந்து நின்று, முடியாது என்று சொல்கிறவர். அவர் எழுந்தால் பந்தலே எழுந்து நிற்குமாம். அவருக்குத்தான் தலைமைப் பயிற்சி.

முதல் நாள் இயக்குநர் முருகன் கதையைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சண்டையில வெண்ட ஆளுக்குக் கோபம் ஆறும்தானே தங்கச்சி? மற்றப் பக்கத்து அம்மாமார் எந்த மலையில போய் ஆத்துறது எண்டு கேளுங்கோ."

கேட்டேன். இயக்குநர் கண்ணை மூடித் தலையை ஆட்டி, அருமை அருமை என்றார். சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் கோபம் என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் விளையாட்டுகள். கண்ணைக் கட்டிக்கொண்டு, கூட இருப்பவரின் குரலை மட்டும் நம்பி நடக்க வேண்டும் என்று ஒன்று. குண்டு விழுகிற இருட்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து தப்பித்த பெண்கள், நம்பிக்கையை வளர்த்துக்கொள்வதற்காக, கல்யாண மண்டபத்து நாற்காலிகளுக்கு நடுவே தடுமாறித் தடுமாறி நடந்தார்கள். நடுவில் டீயும் சமோசாவும் வந்தன. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அக்கா சிரித்துக்கொண்டேதான் நடந்தார். சாப்பாடு நன்றாக இருக்கிறது, தூங்க ஃபேன் இருக்கிறது, குறைசொல்லக் கூடாது என்றார்.

கடைசி நாள் நிகழ்ச்சிக்கு விடைகொடுத்தல் என்று பெயர். ஒவ்வொருவரும் மனதில் சுமந்துகொண்டிருக்கும் ஒன்றை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, மொட்டை போட வேண்டும், கூட வர முடியுமா என்றார்.

"அவன் வந்தாப் பிறகு, அவனையும் கூட்டிக்கொண்டு வந்து முடி குடுக்கிறன் எண்டு நேத்தி வைச்சனான். திரும்பி இஞ்ச வர எனக்கு விசா கிடைக்குமோ தெரியாது. முதலே குடுத்திட்டன் எண்டா முருகனுக்கும் கடமை வந்திடும்தானே? பிறகு அவர் சாட்டுச் சொல்ல ஏலாது."

சாமியிடம் இப்படிக் கறாராகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். மறுநாள் காலையில் ஆட்டோவில் சரவணப் பொய்கைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குப் பின்னால் பைக்கில் நிறுவனத்தின் வீடியோக்காரப் பையனும் வந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, சார் அனுப்பினார் என்றான்.

மொட்டை போடுகிறவர் அக்காவின் கூந்தலைப் பார்த்துத் தயங்கினார். பாதி நரைத்திருந்தாலும் இடுப்பு வரை இருந்தது.

"பூமுடி மட்டும் குட்த்துட்டுப் போலாமேம்மா. லேடீஸ் நெறைய பேரு அப்டித்தான் குடுக்கறாங்க."

"இல்லை, முழுக்க எடுங்கோ."

"வேண்டுதல் பலிச்சிடுச்சாம்மா?"

"இன்னும் இல்லை. பலிக்கத்தான் குடுக்கிறன்."

"ஆங், அப்டியும் வருவாங்க. குனிஞ்சிக்கோம்மா."

அவ்வளவுதான் பேச்சு. குளித்துவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். வரும் வழியில் அக்கா ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்ட தெம்பில் இருந்தார். கண்ணாடி வளையல் கடையில் நின்று பேரம்கூடப் பேசினார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் இயக்குநர் அந்தச் சந்தனத் தலையைப் பார்த்தார். எழுந்து வந்து கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது. எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொல்லி, இந்தத் தாய் இன்று தன் மகனுக்கு விடை கொடுத்துவிட்டார், துக்கத்திலிருந்து தலைமைக்கு நடந்து வந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. இது துக்கத்துக்கு எடுத்த முடி இல்லை சார், மகன் உயிரோடு வர வேண்டும் என்று கொடுத்த முடி, நான் இந்த ஊர்க்காரி, எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குப் புரியவைப்பதைப் போலச் சொன்னார்: சில நேரம் தான் எதை விட்டுவிட்டோம் என்பது விட்டவருக்கே தெரியாது, நமக்குத்தான் தெரியும். அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சாகும்வரை மறக்கப்போவதும் இல்லை.

"என்ன சொல்லுறார்?" என்றார் அக்கா.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"இவருக்குப் பிள்ளையள் இல்லையோ?"

"ரெண்டு பேருக்கா. வெளிநாட்ல படிக்கறாங்க."

"ஓ. அப்ப எங்க இருக்கினம் எண்டு தெரியும்."

அதை இயக்குநர் கேட்கவில்லை. அவர் அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். மொட்டை போட்டதை எடுத்த வீடியோவை எங்கேயும் போட வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதை மட்டும் அன்று மாலை அவரிடம் சொன்னேன். நிச்சயமாக, நிச்சயமாக என்றார்.

சில மாதங்கள் கழித்து அந்த வீடியோ வந்தது. எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள், பெருமையாக. கத்தி படுகிறது, முடி விழுகிறது, பின்னால் புல்லாங்குழல். மொட்டை போடுகிறவரின் கேள்வியும் அக்காவின் பதிலும் அந்தப் புல்லாங்குழலில் அமுங்கிப்போயிருந்தன. கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஓடியது: மகனின் மரணத்தை ஏற்றுக்கொண்ட ஒரு தாய், தலைவியாகிறாள். உடனே இயக்குநரைக் கூப்பிட்டுக் கத்தினேன். எவ்வளவு பேர் பார்த்து அழுதிருக்கிறார்கள் தெரியுமா என்றார்.

வீடியோ அக்காவின் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவரை, நேர்த்திக்கடனுக்கு எடுத்த முடி என்று அக்கா சொன்னதை அங்கே நம்பியிருந்தார்கள். எங்கள் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்தால், என்ன வேண்டுதல் என்று கேட்பார்கள். அங்கே பெண்ணின் தலையில் முடி இல்லையென்றால், அதுவும் கீழே அப்படி ஓர் எழுத்தும் ஓடினால், வேறு என்ன நினைப்பார்கள்? பந்தலுக்கு வந்த அதிகாரி ஒருவர் அந்த வீடியோவையே கைப்பேசியில் காட்டி, உங்கள் தலைவியே ஒப்புக்கொண்டுவிட்டார், உங்களுக்கு என்ன பிடிவாதம் என்று கேட்டிருக்கிறார். அன்றே பந்தலில் இருந்த தாய்மார் அக்காவை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

"அவன்ட படத்தையும் வரிசையில இருந்து கழட்டித் தந்திட்டினம்" என்றார் போனில். அவர் அழுதது எனக்குக் கேட்டது. முகாமில் இருந்தபோது ஒருநாளும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "தங்கச்சி, நீங்கள் ஒருக்கா அவையளோட கதைக்க ஏலுமோ? அது நேத்தி எண்டு நீங்கள் சொன்னா நம்புவினம். நீங்கள் அந்த ஊர்தானே."

மறுநாள் பந்தலில் யாரோ போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். லாரிகள் போகிற சத்தத்துக்கு நடுவே, முகம் தெரியாத அந்தத் தாய்மாரிடம் நான் பேசினேன். எங்கள் ஊரில் பிள்ளை வேண்டும் என்று முடி கொடுப்பார்கள், நோய் தீர வேண்டும் என்று கொடுப்பார்கள், அக்கா தன் மகன் வர வேண்டும் என்று கொடுத்தார், மொட்டை போட்டவரிடம் அவரே சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன் என்றேன். சத்தியம் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வயதான ஒரு குரல் நிதானமாகக் கேட்டது:

"நீங்கள் அந்த நிறுவனத்தில வேலை செய்த ஆள்தானே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அடுத்த கோடையில் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சென்னைப் பெண், இனிமையான குரல். புது நாடுகள், புதுப் பெண்கள், அதே மண்டபம்.

"மேடம், போன தடவை அந்த மொட்டை செஷன் ரொம்ப நல்லா வந்துச்சு. இந்தத் தடவை ஷெட்யூல்லயே போட்டுடலாம்னு சார் சொல்றாரு. விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான். மொட்டை போடறவங்கள மண்டபத்துக்கே வரவழைக்க முடியுமா?"

"மொதல்ல உங்க சார வந்து ஒக்காரச் சொல்லும்மா. அவருக்குப் போட்டுட்டு மத்தவங்களப் பாக்கலாம்."

நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். போனை வைத்துவிட்டேன். வேறு யாரையோ மொழிபெயர்க்கப் பிடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இந்த ஊரில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

அன்று சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். முடி காதை மூடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது என்றார். பந்தலுக்குள் இன்னும் விடவில்லையாம். சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில், மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் தனியாகப் போய் உட்காருகிறாராம்.

"அதிகாரிங்க வந்தா இப்ப யாருக்கா எழுந்து நின்னு பேசறாங்க?" என்று கேட்டேன்.

"நான் இப்பவும் எழும்புறனான்தான்" என்றார். "அந்தப் பக்கம் ஒருத்தரும் எழும்புறேல்ல."