ஒடுக்கு எடுப்பவரின் தங்கை

காரில் விழுந்த ஒடுக்கைப் பார்த்தால் போதும், அதைத் தட்டி நிமிர்த்தும் டிங்கருக்கு எல்லாம் தெரிந்துவிடும். தூணா, சுவரா, முன்னால் போன லாரியா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். "நிறுத்தி வெச்சிருந்தேன், யாரோ இடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று புளுகுகிறவர்களிடம், "ஆமாமா, சுவரு நடந்து வந்து இடிச்சிருக்கு" என்பார். பட்டறையே சிரிக்கும். தன் கண்மேல் மனுஷனுக்கு அவ்வளவு கர்வம்.

அந்தக் கண்ணோடுதான் ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போனார். அப்பா அம்மா போனபின் அவர் தூக்கி வளர்த்தவள். அவள் புருஷன் பேக்கரியில் மாவு பிசைகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். தண்ணீர் கொடுக்க நீட்டிய அவள் கை, முழங்கைக்கு மேலே கன்றி நீலம் பாரித்துக் கிடந்தது. கழுத்தோரம் இன்னொன்று, பழசு, மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"யாரு கை வெச்சது?"

"யாருமில்லண்ணே. எங்க பட்டாலும் இப்படி ஆயிடுது. பல் விளக்கினாக்கூட ரத்தம் வருது."

அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புளுகுகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவராயிற்றே! வேலை முடிந்து வந்த மாப்பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"சத்தியமா நான் அடிக்கல மச்சான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் லீவு சொல்லிட்டு வர்றேன்."

"அடிக்கிறதையும் அடிச்சிட்டு ஆஸ்பத்திரி வேறயா? என் வீட்டுப் பக்கம் வந்தா காலை உடைச்சிடுவேன்."

வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்ட தங்கையை, மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு போனார்.

தன் வீட்டில் அவளை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவிடவில்லை. "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமாண்ணே?" என்று கேட்டாள். "நிம்மதியாத் தூங்கு, தானா சரியாயிடும்" என்றார். மாப்பிள்ளை தெருமுனை வரை வந்து வந்து திரும்பினார். அடுத்த சில நாளில் அவள் கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. படுத்தே கிடந்தவளின் முதுகும் கன்றியது. இங்கே யார் அடித்தார்கள்? என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். காலையில் தலை வெடிக்கிறது என்றவள், ஆட்டோவில் ஏற்றுவதற்குள் நினைவிழந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

"இது யாரு பிடிச்சது?"

டிங்கருக்கா தெரியாது? தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களை, உடம்போட காவலே எதிரின்னு நெனைச்சு அழிச்சிட்டிருக்கு. அதனாலதான் லேசாப் பட்டாலே கன்றுது. இப்ப மூளைக்குள்ள கசிஞ்சிடுச்சு. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா மருந்துக்குக் கேட்டிருக்கும்."

ஒரு லீவு நாளில் முடிந்திருக்க வேண்டிய காரியம். அதைத் தடுத்தது தான்தான் என்பது அவருக்கு விளங்கியபோது உட்கார இடம் தேடினார்.

தகவல் கேட்டு மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் அவள் மூச்சு அடங்கிவிட்டது. மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தவர் கட்டிலருகே நின்றார். கையை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்ச நாளா இவ கையைக்கூட நான் பிடிக்கிறதில்ல மச்சான். பிடிச்சா கன்னிப்போயிடுமேன்னு பயம்."

டிங்கர் அந்தக் கையை எடுத்துத் தங்கையின் கைமேல் வைத்தார்.

"பிடிச்சுக்கங்க மாப்பிள்ளை. இனிமே கன்னிப்போகாது."