நான் போட்ட முதல் தரை

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை வரைக்கும் எத்தனையோ வீட்டில் நான் போட்ட தரைமேல்தான் ஜனங்கள் நடக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் போய்த் தட்டிப் பார்க்கலாம். ஒரு ஓடாவது டொக்கென்று சத்தம் போட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்தத் தொழிலை எனக்கு ஒருவரும் உட்கார வைத்துக் கற்றுத்தரவில்லை. முதல் தரையைப் போட்டபோது எனக்குப் பத்து வயசு.

அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தோம். மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம், வைத்திருந்த குடும்பம், மாடி வீடு. நைனா மலையோரம் கருங்கல் உடைக்கிறவர். அக்காவுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். வளைகாப்புப் போட்டு அழைத்துவர நாள் பேச நைனாவும் அம்மாவும் போனார்கள். பலகாரம் கிடைக்கும் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

அக்காவின் மாமியார் காபியைக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கூட்டிம்போங்க, வேணாங்கல. பொண்ணு எங்க குளிக்கும்? ஓலைத்தட்டிக்குப் பின்னால ஒரு பாசி புடிச்ச கல்லு. போன வாட்டி வந்தப்ப எனக்கே வழுக்கிச்சி. ஒரு பாத்ரூம் போடுங்க, அனுப்புறேன். இல்லாங்காட்டி பிரசவம் இங்கியே ஆவட்டும்."

நைனா தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பண்ணிடலாம் சம்பந்தி" என்றார். அவர் குரலில் ஒரு பாத்ரூமும் தெரியவில்லை.

அந்த அம்மாள் சொன்னதில் என் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் வீட்டில் பாத்ரூம் இல்லை. பணக்காரத் திமிர் என்று பல்லைக் கடித்தேன். கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், எப்படியாவது என்னக் கூட்டிம்போயிடுங்கடா." அவள் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தீர்மானம் பண்ணிவிட்டேன். கையில் கொடுத்த அதிரசத்தைக்கூடத் தின்னவில்லை. செஞ்சி வந்து இறங்கிய பிறகுதான் தின்றேன்.

அப்போது எங்கள் ஊரில், திண்டிவனம் ரோட்டில், ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. குளியலறைகளுக்கு வெள்ளை வெளேரென்று பளபளக்கும் ஓடு. வெட்டி மிஞ்சிய துண்டுகளும் மூளியானவையும் பின்பக்கம் குவிந்து கிடந்தன. போய்க் கேட்டேன்.

"எதுக்குடா? சில்லு ஆடவா?" என்றார் மேஸ்திரி.

"பாத்ரூம் போடப்போறேன்."

சாரத்தின் மேல் நின்ற ஆட்களெல்லாம் சிரித்தார்கள். "எத்தினி மாடிடா?" என்றான் ஒருவன். "அள்ளிக்கினு போ" என்று விட்டுவிட்டார் மேஸ்திரி. பையை நிரப்பிக்கொண்டு நான் ரோட்டில் ஏறும்போது பின்னாலிருந்து கத்தினார்: "டேய், அது செவுத்து ஓடுடா! தரைக்கு ஆவாது!" கொடுத்த பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஓட்டமெடுத்தேன். சுவர் என்ன, தரை என்ன, ஓடு ஓடுதானே.

அந்த வாரம் முழுக்க என் புத்தகங்கள் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தன. பையில் ஓடு போய் வந்தது. லாட்ஜில் காலியான சிமெண்டு மூட்டைகளை உதறியதில் இரண்டு சட்டி சிமெண்டு தேறியது. மணலுக்கு ஆறு இருந்தது. நைனா இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உடைத்த கல்லையே அடுக்கி மூன்று பக்கம் சுவர் எழுப்பினார். சுவர் யார் வேண்டுமானாலும் எழுப்பலாம். தரைதான் வித்தை.

முதல் தடவை போட்டு மறுநாள் காலையில் மேலே ஏறி நின்றேன். காலோடு ஒரு வரிசை பெயர்ந்து வந்தது. கையால் இழுத்தால் மிச்சமும் வந்தது. அம்மா பார்த்துவிட்டு, "போதும் வுட்றா. அவ அங்கியே இருந்துட்டுப் போவட்டும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விடுகிற ஆளா நான்? ஒவ்வொரு ஓட்டின் முதுகையும் சுரண்டி எடுத்தேன். லாட்ஜுக்குப் போய்ப் பகல் முழுக்க எதிரே நின்று, அவர்கள் கையையே பார்த்தேன். ஒட்டுவதற்கு முன்னால் ஓட்டைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். அவ்வளவுதானா சங்கதி! வீட்டுக்கு வந்து அம்மாவின் சோற்றுப்பானையிலிருந்து அண்டாவரைக்கும் ஓட்டை ஊறவைத்தேன். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய கல் இருந்த இடமே தெரியாமல் மூடிவிட்டேன். கட்டைவிரலில் ஓடு கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன். மூன்று நாள் காக்கையைக்கூட உள்ளே விடாமல் குச்சியோடு காவல் நின்றேன். ராஜகிரிக் கோட்டை மலைப் பக்கமிருந்து வெயில் வந்து விழுந்தால் தரையைப் பார்க்க முடியாது, கண் கூசும்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் மாமியார்க்காரம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராகக் கொல்லைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்த கால் கொஞ்சம் முன்னால் போனது. கை சட்டென்று சுவரைப் பிடித்தது. ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான் அத்த. நைனா செவுரு மட்டுந்தான்."

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். விரலில் சுற்றியிருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "கண்ணாடி மாதிரி இருக்குதுடா" என்றார்.

அப்படி ஒரு பாராட்டை இன்றைக்குவரை எந்த இஞ்சினியரும் எனக்குக் கொடுத்ததில்லை.

வளைகாப்பு முடிந்து அக்கா வந்தாள். கூடவே ஒரு மூட்டை. பிரித்தால் நாலு கோணிச் சாக்கு! துவைத்து, ஓரம் மடித்துத் தைத்து அனுப்பியிருந்தார் அவள் மாமியார். "மண்டிக்காரங்க புத்தியப் பாரு, சீருக்கு சாக்கு" என்று நான் சொல்ல, அக்கா என் தலையில் குட்டினாள்.

அம்மா முதல் காரியமாக ஒரு சாக்கை எடுத்துப் போய் என் தரைமேல் விரித்தாள். நான் உருவி எறிந்தேன். பளாரென்று ஒன்று விழுந்தது. நான் அழுததும் அம்மாவுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "ஓடு அழுக்காவக் கூடாதுன்னு அத்த சொல்லி அனுப்பிச்சிருக்காங்கடா" என்றாள். அப்படியா சங்கதி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு ஓடு சாக்குப் போட்டு மூடி வைக்கிற ஓடு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். தினமும் ஈரச் சாக்கு வேலியில் காயும், காய்ந்த சாக்கு உள்ளே போகும். அக்கா அதன்மேல் நின்றுதான் குளித்தாள்.

நான் மேஸ்திரியான புதிதில் ஒரு வீட்டுக்காரர் பளபள ஓட்டைக் குளியலறைத் தரையில் போடச் சொன்னார். "மாட்டேன், தண்ணி பட்டா ஆளு வுழுந்துடும்" என்று வாய் தானாகச் சொன்னது. சொல்லிவிட்டுக் கொத்துக்கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேலியில் காய்ந்த நாலு சாக்கும் கண்முன்னே வந்து நின்றன.

பத்து வயசில் அதெல்லாம் எங்கே தெரிந்தது? அக்காவையும் குழந்தையையும் அழைத்துப்போக மாமியார் வந்தபோது, மறுபடி கொல்லைக்குப் போய்ச் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணாவது பேர்ந்துச்சாடா?"

"ஒண்ணுகூடப் பேரல அத்த!"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கெட்டிக்காரன்தான்" என்று என் தலையில் கைவைத்தார். காய்ந்த சாக்குகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "அது இங்கியே இருக்கட்டும் சம்பந்தி. நீங்களும் குளிக்கணுமில்ல" என்றார்.

கொடுத்தது பழைய சாக்கு, இதிலே பெரிய தர்மம் வேறு என்று நான் மனசுக்குள் முனகிக்கொண்டேன்.