வாருங்கள் என்று வரைந்த எழுத்து

எழுத்து வரைவது என் தொழில். மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, கணினியில் தமிழ் எழுத்துருக்கள் செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் பேனர் தலைப்புக்கென்றே ஒன்று வரைந்தேன். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும், கொழுகொழுவென்று இருக்கவேண்டும், கல்யாண வீட்டு வாசலில் நின்று ஆளைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கவேண்டும் என்பது என் ஆசை. 'வாருங்கள்' என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். முடிந்ததும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டேன்.

எடுத்துக்கொண்டார்கள். நான் அதை முதன்முதலில் வெளியே பார்த்தது பக்கத்துத் தெருச் சுவரில், ஒரு போஸ்டரில். 'கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது.

பூரிப்பதா புலம்புவதா என்று விளங்கவில்லை. ஏனென்றால் அழகாக இருந்தது. ண, ஞ இரண்டும் வரைகிறவன் உயிரை வாங்கும் எழுத்துகள். அவற்றோடுதான் அதிகம் மல்லுக்கட்டினேன். அந்த இரண்டும் அடுத்தடுத்து ஜோராக உட்காரும் சொற்கள் இவையாகப் போயின. பார்த்துக்கொண்டே நின்றேன். பைக்கை நிறுத்திய ஒருவர், "ரொம்பப் பழக்கமாண்ணே?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். எழுத்தைச் சொன்னேனா, இறந்தவரைச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் மதுரையில் யார் செத்தாலும் என் எழுத்துதான். காதுகுத்துக்கு வேறு, கட்சிக்கு வேறு, எழவுக்கு மட்டும் என்னுடையது. பொறுக்கமாட்டாமல் ஒரு பிளெக்ஸ் கடையில் போய்க் கேட்டேன்.

"அது துக்க எழுத்துண்ணே," என்றார் கடைக்காரர்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பாத்தாலே தெரியுதுல்ல. எம்புட்டு கனமா இருக்கு!"

"அது சிரிக்கிற எழுத்துண்ணே."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சமயம் சிரிக்கிற மாதிரி இருந்தன. இன்னொரு சமயம் அழுகிற மாதிரி இருந்தன. மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவானது. திருப்பரங்குன்றத்தில் மண்டபம். அவளுக்கு இருந்தது ஒரே கவலை, அத்தை வருவாரா என்பது. அப்பாவின் அக்கா, மேலூர்ப் பக்கம் இருக்கிறார். தங்கச்சியை மடியில் போட்டு வளர்த்தவர். தன் மகனுக்கு அவளைப் பெண் கேட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. பத்திரிகை கொண்டுபோனபோது கதவைப் பாதி திறந்து, "வச்சுட்டுப் போ" என்றார். தங்கச்சி வரும் வழியெல்லாம் பேருந்தில் அழுதாள்.

"வாசல் பேனர் உன் எழுத்துலதான் இருக்கணும்ணே," என்றும் அவளே சொன்னாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எழவு எழுத்தையாடா போடுவ? உங்க அயித்தை வந்தாக்கூட அதைப் பாத்துட்டு அப்படியே திரும்பிருவா."

நான் கேட்கவில்லை. ஒரு நல்ல காரியத்தில் போட்டுப் பார்த்தால்தான் எனக்கும் தெளியும் என்று நினைத்தேன். மயில், அருவி, ரோஜா என்று எதையும் அடைக்காமல் வெள்ளைப் பின்னணி வைத்தேன். கருஞ்சிவப்பில் 'திருமண விழா'. நடுவில் தங்கச்சி படம் மட்டும். மாப்பிள்ளை வீட்டார் தனிப் பேனர் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பேனரைக் கட்டி முடித்து அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று காலை மேளக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. நான் வாசலில் நின்றேன். ஒரு பேருந்து மண்டபத்தைக் கடந்துபோய்ச் சட்டென்று நின்றது. அதிலிருந்து இறங்கி அத்தை ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"எப்படிடா போனா?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மணவறைக்குப் போவதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "இன்னும் போகலையே அயித்தே. ரூமுல சேலை கட்டிவிட்டுக்கிட்டு இருக்காக."

"கல்யாணச் சேலை கட்ட வேண்டிய பிள்ளைக்குக் கோடிச் சேலையாடா கட்டுறீக!" என்று மாரில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பேனரைக் கை காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி பையில் கிடந்திருக்கிறது. ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நடுவில் தங்கச்சி படம் இருப்பதும், அது எந்த எழுத்து என்பதும் மட்டும் தெரிந்திருக்கிறது.

சத்தம் கேட்டுத் தங்கச்சி பாதி சீவிய தலையோடு ஓடிவந்தாள். "அயித்தே!"

அத்தை எழுந்து அவள் கன்னத்தைத் தொட்டார். கையைத் தடவினார். காதைப் பிடித்துப் பார்த்தார். "சாகலைல்ல?"

"இல்ல அயித்தே."

"அது போதும்டி. எம் மகனைக் கட்டாட்டிப் போ. எங்கிட்டாவது நல்லா இரு." சொல்லிவிட்டு மறுபடியும் அழுதார். மொய்யை மட்டும் வைத்துவிட்டுக் சாப்பாட்டில் கை நனைக்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பி வந்ததாக அப்புறம் அவரே சொன்னார்.

அம்மா பேனரை அவிழ்க்கச் சொன்னார். தங்கச்சி வேண்டாம் என்றாள். நான் கயிற்றைப் பிடித்தபடி முழித்தேன். அது சிரிக்கிற எழுத்தா, துக்க எழுத்தா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அன்று எத்தனையோ பேர் அவள் கல்யாணத்துக்காகச் சந்தோஷப்பட்டார்கள். அவள் உயிரோடு இருப்பதற்காகச் சந்தோஷப்பட்டவர் அத்தை ஒருவர்தான். மணவறையில் மாப்பிள்ளை தாலி கட்டும்போதுகூட, பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை அவள் கையை விடவில்லை.